வாய்தாவுக்கு வந்தவர்கள்

என் வீட்டுக்காரர் செத்துப்போன ஒன்பதாவது மாதம் வாய்தாவுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், காலில் செருப்பில்லை, சுடுகாட்டுக்குத் தூக்கும்போது நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. எங்கள் வக்கீல் அருணகிரி சார் அப்போதுதான் எழுந்து, வாதி காலமாகிவிட்டார், வாரிசைச் சேர்க்க மனுப் போட வேண்டும், கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒலிபெருக்கி, "தெய்வசிகாமணி, தெய்வசிகாமணி, தெய்வசிகாமணி" என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டது. மூன்றாவது கூப்பாட்டுக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்து, "வந்தேங்கய்யா" என்றார்.

நீதிபதி நிமிரவில்லை. வாதி ஆஜர் என்று எழுதி அடுத்த மாதத்துக்குத் தேதி போட்டார். அருணகிரி சார் திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆள் வந்து நிற்கும்போது ஆள் இல்லை என்று அவர்தான் எப்படிச் சொல்வார்?

அவர் தாழ்வாரத்துக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று அதுவரைக்கும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, இப்போது எதைப் பற்றிக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை.

"சாப்பிட்டியா மங்க?" என்றார்.

"நீங்க செத்துட்டீங்களே."

"ஆமா. கூப்பிட்டாங்க, வந்தேன்."

எதிர்வரிசையில் அவருடைய அண்ணன், என் மூத்தார் தட்சிணாமூர்த்தி, அதேபோல நெற்றியில் காசுத் தடத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். தம்பி போன துக்கமோ, வழக்காட ஆள் இல்லாத சலிப்போ, இவர் போன இரண்டாம் மாதமே அவரும் போய்விட்டவர். அவர் பக்கத்தில் என் ஓரகத்தி கமலவேணி அக்கா, பிடித்த முந்தானையை விடாமல், வாயைத் திறந்தபடி இருந்தாள். அண்ணன் தம்பிக்குள் நடந்தது எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்து பற்றிய வழக்கு. இடுப்பில் குடத்தோடு நேராக நடக்க முடியாத சந்து அது, ஒருக்களித்துத்தான் போக வேண்டும். யாரும் போகக் கூடாது என்று கோர்ட்டு தடை போட்டதிலிருந்து அதில் எருக்கு முளைத்து, பூத்து, பஞ்சு பறந்து, இரண்டு வீட்டுச் சோற்றிலும் விழுந்துகொண்டிருந்தது.

பழைய கோர்ட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. சிவப்புப் பட்டை போட்ட டவாலி வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவார், வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போவதற்குள் கூப்பிட்டு முடித்துவிடுவார். அங்கேயும் வழக்கு நடக்கும்போதே ஆட்கள் செத்தார்கள், ஒருவரும் வந்ததில்லை. புதுக் கோர்ட்டைச் சுடுகாட்டுக்கும் தள்ளி, புறவழிச் சாலையில், கம்பெனிக்காரர்கள் கட்டினார்கள். நீதிபதி அரசாங்கத்து ஆள், நீதியும் அரசாங்கத்துடையது, ஆனால் சுவரும் கதவும் நாற்காலியும் விளக்கும் குளிர்காற்றும் தண்ணீரும் கூப்பிடுகிற குரலும் முப்பது வருஷத்துக்குக் கம்பெனியுடையவை, உள்ளே வருகிற ஒவ்வொரு தலைக்கும் அரசாங்கம் அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும், முப்பது வருஷம் கழித்துக் கட்டடம் அரசாங்கத்துக்கு வந்துவிடும், அதுவரை அது நின்றால். வாசலில் சுழல்கிற இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு யார் உள்ளே போனாலும் டிக் என்று ஒரு சத்தம் வரும். என் வீட்டுக்காரர் நுழைந்தபோதும் டிக் என்றுதான் கேட்டது.

குரலைத் தாழ்வாரம், வாகனம் நிறுத்துமிடம், சாலைக் கம்பம் என்று எல்லா இடத்திலும் கேட்கும்படி வைத்திருந்தார்கள். காற்று அடிக்கிற நாளில் சுடுகாடு தாண்டி எங்கள் தெருவரைக்கும் கேட்கும். அதனால்தான் வருகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, கட்டடம் ஆள் இல்லாமல் இருக்கப் பயந்து இழுக்கிறது என்றார்கள் சிலர். எங்கள் ஊரில் ஒரு காரியம் இரண்டு மாதம் தொடர்ந்து நடந்தால் அப்புறம் யாரும் காரணம் கேட்பதில்லை.

அப்படித்தான் இதுவும் பழகிப்போனது. மதியத்துக்கு முன்னால் தாழ்வாரம் நிறைந்துவிடும், பாதி உயிரோடு இருப்பவர்கள், பாதி காசுத் தடத்தோடு இருப்பவர்கள், காசு வைக்காத வழக்கமுள்ளவர்களில் கபன் துணியின் வாசனையோடு ஒருவரும் கையில் சிறிய சிலுவையோடு ஒருவரும் வருவார்கள், எல்லாரும் குளிர்காற்று அடிக்கிற பக்கமாகவே உட்கார இடம் தேடுவார்கள். அவர்கள் சாப்பிட மாட்டார்கள், ஆனால் காப்பியைக் கையில் கொடுத்தால் ஆறும்வரை முகர்ந்துகொண்டிருப்பார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்கள் மாப்பிள்ளையைக் கோர்ட்டுக்கே கூட்டிவந்து அப்பாவிடம் காட்டினார்கள். பிள்ளை பெற்றவள் பிள்ளையோடு வந்து மாமியார் மடியில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள், படத்தில் பிள்ளை மட்டும் அந்தரத்தில் சிரித்தது. வக்கீல்களிடம் யாரும் தீர்ப்புக் கேட்பதில்லை. "சார், ஒரு நல்ல வாய்தாவா வாங்கிக் குடுங்க, பண்டிகைக்குள்ள வர்ற மாதிரி" என்றார்கள். மாவு மில் நாகப்பனுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அப்பா சாகும் முன்பே வழக்கை ஜெயித்துத் தொலைத்துவிட்டார். "இவ்ளோ அவசரமா ஜெயிச்சு என்னத்தக் கண்டாரு?" என்று வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் மாதா மாதம் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனேன். அவர் முகர்வார், நான் சாப்பிடுவேன். எனக்குக் கேட்க நிறைய இருந்தது. மோட்டார் ஒயர் கருகிப்போச்சு, யாரைக் கூப்பிடட்டும்? நம்ம பொண்ணு திலகா புருஷன் மறுபடி குடிக்கிறான், போய்ப் பேசவா வேண்டாமா? என் முழங்கால் இறங்கும்போதுதான் வலிக்கிறது, ஏறும்போது இல்லை, அது என்ன வலி? எல்லாவற்றுக்கும் அவர், "பாத்துக்கலாம் மங்க" என்றார். உயிரோடு இருந்தபோதும் இதைத்தான் சொன்னார், அப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இப்போது அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மாதம் காத்திருந்தேன். காதில் விழுந்ததும் பாதிக் கவலை இறங்கிவிடும், வீட்டுக்கு நடப்பதற்குள் மறுபடி ஏறிவிடும்.

நடப்பதற்குள் என்கிறேனே, முதலில் பேருந்து இருந்தது. எங்கள் தெருமுனையில் ஏறினால் கோர்ட்டு வாசலில் இறக்கிவிடும். ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கடைசியாக அதில் வேலை பார்த்த நடத்துநர் தம்பியைச் சந்தையில் பார்த்துக் கேட்டேன்.

"நிறுத்திட்டாங்கக்கா. பணமெல்லாம் கோர்ட்டுக்குப் போவுதாம்."

"கோர்ட்டுக்குப் போறதுக்குத்தானே தம்பி பஸ்ஸே?"

"அதை நீங்க போய்ச் சொல்லுங்க. எனக்கே மூணு மாசமா சம்பளம் இல்ல."

அப்புறம் தெருவிளக்கு ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சாயங்கால நர்சை நிறுத்தினார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒழுகுகிற வகுப்பைப் பூட்டி, பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் ஒரு தலை கூடினால் ஊரில் எங்கோ ஒன்று குறைந்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்லவில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் ஒருவர் அங்கே குளிர்காற்றுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

அருணகிரி சார் மட்டும் ஒரு நாள் கம்பெனியின் மேலாளரிடம் கேட்டார். வருண் என்று பெயர், சின்ன வயசு, மரியாதையான பையன்.

"ஏன் தம்பி, செத்தவங்களையும் சேர்த்து எண்ணுறீங்களே, அடுக்குமா?"

"சார், உள்ள வர்ற ஆளுக்குன்னுதான் ஒப்பந்தம் போட்டிருக்கு. உசிரோட வரணும்னு அரசாங்கம் கேக்கலையே."

"அவங்களுக்கு எதுக்கப்பா ஏசி?"

"அவங்கதான் சார் ஏசிக்கு அடியில போய் உக்காருறாங்க. நான் எழுப்பி விட்டா நீங்களே சண்டைக்கு வருவீங்க."

அது உண்மைதான். எழுப்பியிருந்தால் நானே போயிருப்பேன்.

இரண்டாவது கோடையில்தான் கவனித்தேன், அவர் மறக்க ஆரம்பித்திருந்தார். "திலகாவுக்கு எத்தனை பிள்ளை?" என்றார். அதற்கடுத்த மாதம், "திலகா யாரு?" என்றார். அதற்கும் அடுத்து, "இது எந்த வழக்கு மங்க?" என்றார். ஆனால் அண்ணனை மறக்கவில்லை. எதிரெதிர் வரிசையில் இருந்தவர்கள் எப்போது பக்கத்தில் வந்தார்களோ, ஒரு மாதம் நான் போனபோது இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே காப்பியை மாறிமாறி முகர்ந்துகொண்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் போகாதவர்கள்.

"சந்து என்னாச்சு?" என்று கேட்டேன்.

"எந்தச் சந்து?" என்றார் மூத்தார்.

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல மங்க" என்றார் இவர். "கூப்பிடாம இருந்தாத் தேவலை. ரொம்ப தூரம்."

எனக்குச் சுருக்கென்றது. "என்னைப் பாக்க வர்றது தூரமா?" என்று சண்டை பிடித்தேன். அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அந்த இழுப்பு எனக்குப் பழக்கம். காலில் ஆணி ஏறியதை ஒரு வாரம் மறைத்தவர். நான் தரையில் உட்கார்ந்து, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை முந்தானையில் ஊற்றி, அவர் பாதத்தைத் தூக்கித் துடைத்தேன். மண் போனது, புழுதி போனது, அதற்குப் பின்னாலும் ஏதோ போய்க்கொண்டே இருந்தது. உள்ளங்கால் வெங்காயச் சருகுபோலத் தேய்ந்திருந்தது. அதன் வழியாகக் கம்பெனிக்காரர்களின் வெள்ளைத் தரையும், தரையில் இருந்த கோடும் எனக்குத் தெரிந்தன.

அன்று சாயங்காலம் கமலவேணி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். சந்து வழக்கு தொடங்கியதிலிருந்து அந்தப் படியை மிதித்ததில்லை.

"யாரு? வாதியம்மாவா?" என்றாள் உள்ளேயிருந்து. "என்ன, வழி தவறிட்டியா?"

"அக்கா, வழக்கை முடிச்சுக்கலாம்."

"சந்தை எழுதிக் குடுக்கிறியா?"

"பொதுன்னு போட்டுக்கலாம். ரெண்டு பேரும் நடப்போம். வாரிசுன்னு நம்ம பேரைச் சேர்த்து, அன்னிக்கே ராஜியாப் போறோம்னு கையெழுத்துப் போட்டுட்டா அவங்களை அப்புறம் கூப்பிட மாட்டாங்க."

அவள் வெளியே வந்தாள். கையில் முறம் இருந்தது, அடித்துவிடுவாளோ என்று ஒரு அடி பின்னால் போனேன்.

"உனக்கு என்னடி, உன் புருஷன் இருக்கிறப்பவே உன் பின்னாடிதான் சுத்தினாரு. எங்க வீட்டுக்காரரு என்கூடப் பத்து நிமிஷம் சேர்ந்தாப்புல உக்காந்ததைப் பாத்திருக்கியா? தீபாவளிக்குக்கூடத் தின்னுட்டு எழுந்து போயிடுவாரு. இப்பதான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என் பக்கத்துல உக்காருறாரு. அதையும் முடிச்சுக்கணுமா உனக்கு?"

"காலைப் பாத்தியாக்கா?"

"அவரு காலை நான் ஏன் பாக்கணும்?"

"பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அந்த மாதம் முழுக்க அவள் பார்ப்பாளா மாட்டாளா என்று ஒரு கவலை, பார்த்து ஒத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வேன் என்று அதைவிடப் பெரிய கவலை. அவள் மாட்டேன் என்றால் பழி அவளோடு போய்விடும், அவர் வந்துகொண்டே இருப்பார், நான் புளிச்சோறு கட்டிக்கொண்டே இருப்பேன். ராத்திரி அவள் மறுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன், காலையில் அந்த உள்ளங்கால் நினைவுக்கு வந்து வேண்டுதலை மாற்றிக்கொள்வேன்.

அடுத்த வாய்தாவுக்கு அவள் ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தாள். மூத்தார் நாற்காலியில் உட்கார்ந்ததும் குனிந்து மாட்டினாள். செருப்பு மாட்டுவதற்கு அங்கே போதிய கால் இல்லை. வார் நழுவியது, மறுபடி மாட்டினாள், மறுபடி நழுவியது. கொஞ்ச நேரம் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தாழ்வாரத்தைக் கடந்து என்னிடம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "உன் வக்கீலைக் கூப்பிடு" என்றாள்.

அன்றைக்குத்தான் நீதிபதி முதல்முறையாக நிமிர்ந்தார். வாதி பிரதிவாதி இருவரும் இறந்துவிட்டதாக மனுவில் இருக்கிறது, இருவரும் எதிரில் நிற்கிறார்களே என்று கேட்டார். கம்பெனியின் வக்கீல் வேகமாக எழுந்து, ஆஜரானவர்களை இறந்தவர்கள் என்று எழுதினால் இதுவரை எண்ணிய தலைகளின் கதி என்ன என்றார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நீங்க இறந்துட்டீங்களா?"

"ஆமாங்கய்யா. ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"கூப்பிடுறீங்களேய்யா. கோர்ட்டு கூப்பிட்டா வரணும்ல?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய அப்பாவின் வழக்கு ஒன்று வேறு ஜில்லாக் கோர்ட்டில் நிலுவையில் இருப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கூப்பிட மாட்டோம்" என்றார். கமலவேணி அக்கா கையெழுத்துப் போட்டாள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், என் பெயர் நீளம், மங்கையர்க்கரசி என்று முழுசாக எழுதி முடிக்க நேரமாகும். அன்று வேண்டுமென்றே இன்னும் மெதுவாக எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றார்.

எழுதி முடித்ததும் அவர்கள் கிளம்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாசல்வரைக்கும் கூடப் போனோம்.

"எல்லாத்தையும் நான் ஒருத்தியாப் பாக்கணுமே" என்றேன்.

"பாத்துக்கலாம் மங்க" என்றார். அப்போது அவருக்கு நான் யாரென்று தெரிந்திருந்ததா, பழக்கத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இருவரும் இரும்புக் கம்பியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். சத்தமே வரவில்லை. உள்ளே வருவதை மட்டும்தான் அது எண்ணும்.

எங்களைப் பார்த்து இன்னும் சில பேர் முடித்துக்கொண்டார்கள், தாழ்வாரத்தில் கூட்டம் குறைந்தது. பேருந்து திரும்ப வரும் என்று நினைத்தோம். வரவில்லை. கூட்டம் ஒரு அளவுக்குக் கீழே போனால் வராத தலைகளுக்கும் சேர்த்து அரசாங்கமே கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே இருந்ததாம். தீர்ப்பு நகல் வாங்கப் போனபோது பார்த்தேன், அவர்கள் உட்கார்ந்திருந்த இரண்டு நாற்காலிகளும் அப்படியே இருந்தன, ஆள் இல்லாத இடத்தில் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வருண் தம்பி என்னைப் பார்த்து, "உக்காருங்கம்மா, காலியாத்தான் இருக்கு" என்றான். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்கடுத்த மாதம் அதே தேதியில் பழக்கத்தில் விடியற்காலையே எழுந்து புளிச்சோறு கிளறிவிட்டேன். கிளறிய பிறகுதான் நினைவு வந்தது. தட்டில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக வந்தால், எருக்கை வெட்டிய சந்தில் கமலவேணி அக்கா ஒரு தூக்குச் சட்டியோடு நின்றிருந்தாள். அவளும் சமைத்திருந்தாள். ஒருக்களித்து நின்றுதான் இரண்டு பேரும் சாப்பிட்டோம், உட்கார அங்கே இடம் கிடையாது.

காற்று எங்கள் பக்கமாக அடித்தது. புறவழிச் சாலையிலிருந்து குரல் கேட்டது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டோம். முதல் பெயர் எங்களுடையது இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதாக, தையல்காரர் சவரிமுத்துவை மூன்று முறை கூப்பிட்டது. அவர் மழைக்காலத்திலேயே போய்விட்டவர், அவருடைய கல்லறையிலிருந்து கோர்ட்டுக்குப் போக எங்கள் தெரு வழியாகத்தான் வர வேண்டும்.

"அவரு பொண்டாட்டி இன்னும் மனுப் போடலையா?" என்றாள் அக்கா.

"விட மனசு வரணுமேக்கா."

கொஞ்ச நேரத்தில் தெருவில் காலடிச் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால், சீராக, அவசரமில்லாமல், சலிப்போடு வந்தது. அக்கா தூக்குச் சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து, சந்து வழியாக ஒருக்களித்து நடந்து, தெருவோரத்தில் இறக்கி வைத்தாள். நான் போய்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன்.

"நில்லுங்கண்ணே" என்றாள். "காலைக் கழுவிக்கிட்டுப் போங்க. இன்னும் ரொம்ப தூரம் இருக்கு."